யானையை வாங்கியாச்சு... தீனி போடத் தெரியுமா? - சொகுசு எஸ்யூவி வைத்திருப்போர் கவனத்துக்கு!

புதுச்சேரி - கடலூர் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பில் மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம். சிங்கிரிகுடி நரசிம்மரைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பழக்கமான வழி. ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் புதுப்புது மனைப்பிரிவுகள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை டிராக்டரும் டூவீலரும் நின்ற வாசல்களில் இப்போது ஃபார்ச்சூனர் நிற்கிறது. ஆங்காங்கே பிஎம்டபிள்யூ, ஆடி, பென்ஸ், லேண்ட் ரோவர்களும் கண்ணில் படுகின்றன.

ஆசைப்பட்டு வாங்குவதில் தவறே இல்லை. ஆனால், இந்த வண்டிகள் எந்த வாழ்க்கைக்காகத் தயாரிக்கப்பட்டனவோ, அதற்கு நேர் எதிரான வாழ்க்கையை நம் ஊரில் வாழ்கின்றன. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட வேண்டிய வண்டி, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வீடு திரும்புகிறது. கதவடைத்த கராஜில் நிற்க வேண்டியது வேப்பமரத்தடியில் நிற்கிறது. பெரும்பாலான கோளாறுகள் இங்கேதான் பிறக்கின்றன. நல்ல செய்தி என்னவென்றால், பெரிய செலவு வைக்கும் கோளாறுகளில் பல, முன்கூட்டியே சின்னதாக ஓர் அடையாளம் காட்டிவிட்டுத்தான் வருகின்றன. அந்த அடையாளங்களைத் தெரிந்துகொள்வோம்.

வண்டி விலை குறையும்... பார்ட்ஸ் விலை குறையாது!

எட்டு, பத்து வருஷம் ஓடிய சொகுசு எஸ்யூவி, புதிதாக வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கிடைக்கும். டெல்லியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் ஓடக் கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதையும், 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததையும் அடுத்து, அங்கிருந்து பல வண்டிகள் தடையில்லாச் சான்றோடு மற்ற மாநிலங்களுக்கு விற்பனைக்குப் போயின. 'பாதி இன்னோவா விலையில் பென்ஸ்' என்று விளம்பரம் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வண்டியின் விலைதான் மூன்றில் ஒன்றாகியிருக்கிறது. அதன் ஹெட்லைட், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் விலையெல்லாம் 70, 80 லட்ச ரூபாய் வண்டிக்கான விலையில்தான் இன்னும் இருக்கின்றன. எனவே, கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், முதல் வருஷப் பராமரிப்புக்கு என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

'பி.ஒய் நம்பர்தானே, உள்ளூர் வண்டி' என்றும் நம்பிவிடாதீர்கள். சாலை வரி குறைவு என்பதற்காக, வெளிமாநிலத்தவர்கள் புதுச்சேரி முகவரி காட்டிச் சொகுசு கார்களைப் பதிவுசெய்த விவகாரம் 2017-ல் கேரளாவில் பெரிதாக வெடித்தது. பி.ஒய் எண் தாங்கிய எல்லா வண்டிகளும் புதுச்சேரியைப் பார்த்தவை அல்ல. எண்ணைப் பார்க்காமல் சர்வீஸ் வரலாற்றைப் பாருங்கள். அதே பிராண்டின் ஸ்கேனரை மாட்டி, பழைய எச்சரிக்கைப் பதிவுகளைப் படித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பத்து கிலோமீட்டர் ஓடும் டீசல்

2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பி.எஸ் 6 விதிகளுக்குப் பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரித்துகளைப் பிடித்துவைத்து, நிறைந்ததும் தானே எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அப்படி எரிக்க அதற்கு சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

அபிஷேகப்பாக்கத்திலிருந்து புதுச்சேரி டவுனுக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் என்று நின்று நின்றுதான் போக முடியும். இன்ஜின் நன்றாகச் சூடாகும் நேரத்தில் ஊர் வந்துவிடும். வடிகட்டி எரிக்கத் தொடங்கும், நாம் வண்டியை அணைத்துவிடுவோம். இப்படியே நாலைந்து முறை நடந்தால் அடைப்பு, பிக்கப் குறைவு, கடைசியில் வண்டி ஓர் அளவுக்கு மேல் வேகம் எடுக்காத நிலை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வடிகட்டியைச் சூடாக்கக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி, இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு குறையாமல், முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது எச்சரிக்கை.

தீர்வு எளிது. வாரத்தில் ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ விழுப்புரம் நெடுஞ்சாலையிலோ அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே ஓட்டுங்கள். 'வடிகட்டியையே கழற்றிவிடலாம் சார்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது மாசு விதிகளுக்கு எதிரானது. உங்கள் பயணம் பெரும்பாலும் இந்தப் பத்து கிலோமீட்டருக்குள்தான் என்றால், வாங்கும்போதே பெட்ரோல் வண்டியை யோசிப்பது நல்லது.

பல சொகுசு டீசல் வண்டிகளில் ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலுக்குத் தனி டேங்க் இருக்கும். அது தீர்ந்துபோனால், இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது என்று வண்டியே எச்சரிக்கும். வெயிலில் கிடந்த கேனை வாங்காதீர்கள், அதன் தரம் கெட்டிருக்கும். தப்பித்தவறி ஆட்ப்ளூவை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா?

விலை உயர்ந்த மாடல்களில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் காற்றுப்பை இருக்கும். இதுதான் ஏர் சஸ்பென்ஷன். நம் வெயிலிலும் புழுதியிலும் அந்த ரப்பர் வெடிப்பு விடும். இரவில் நேராக நிறுத்திய வண்டி, காலையில் ஒரு மூலையில் தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது என்று பொருள்.

'ஸ்டார்ட் பண்ணினால் தூக்கிக்கொள்கிறதே' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்போது தூக்குவது கம்ப்ரஸர். கசிகிற பையை ஓயாமல் நிரப்பி நிரப்பி அதுவும் புகைந்துபோகும். ஒரு பையோடு முடிய வேண்டிய செலவு, கம்ப்ரஸரையும் சேர்த்துக்கொள்ளும்.

'வாழ்நாள் ஆயில்' யாருடைய வாழ்நாள்?

பல கார் கம்பெனிகள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்கின்றன. ஆனால் பிஎம்டபிள்யூ, ஆடி, லேண்ட் ரோவர் வண்டிகள் பலவற்றுக்கு கியர்பாக்ஸ் செய்துதரும் ஜெர்மனியின் இஸட்.எஃப் நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. கியர் மாறும்போது லேசாகத் தட்டுவதுபோல உணர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்ஜின் ஆயிலும் அப்படித்தான். வண்டியின் திரை 15,000, 20,000 கிலோமீட்டர் என்று காட்டினாலும், குறைந்த தூர ஓட்டத்துக்கும் நம் ஊர் வெப்பத்துக்கும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவதே பாதுகாப்பு. ஆயில் கெட்டால் அடிவாங்கும் பாகங்களில் ஒன்று டைமிங் செயின். 2007 முதல் வந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜின் இதற்கு நல்ல உதாரணம். அதில் செயின் இருப்பது இன்ஜினின் பின்பக்கம். அதை மாற்ற கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். செயினைவிடக் கூலி பெரிது! அந்தக் காலத்து எக்ஸ்1, எக்ஸ்3 வாங்குகிறவர்கள், காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பின்பக்கமிருந்து உரசல் சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கூலன்ட் குழாய்களும் இணைப்புகளும் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். ஏழெட்டு வருஷ வெப்பத்தில் அப்பளம்போல நொறுங்கும். கூலன்ட் அடிக்கடி குறைந்தால், மேலே ஊற்றிச் சமாளிக்காமல் கசிவைத் தேடுங்கள். வெப்ப முள் ஏறிய பிறகும் 'வீடு வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டினால், அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

வேப்பம்பூவும் வயல் எலியும்

வேப்பமர நிழல் மனிதர்களுக்கு நல்லது. சன்ரூஃபுக்கு அல்ல! சன்ரூஃப் ஓரங்களில் மழைநீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு. சித்திரை மாத வேப்பம்பூவும் சருகும் அவற்றை அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழைத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். கால்மிதி விரிப்புக்கு அடியில் சில மாடல்களில் எலெக்ட்ரானிக் பெட்டிகள் இருக்கின்றன. கார்ப்பெட் ஈரமாகவோ, வண்டிக்குள் பூஞ்சை வாடையோ இருந்தால் உடனே கவனியுங்கள்.

பாகூர் வட்டாரம் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் கதகதப்பான இடம் தேடும். நிறுத்திவைத்த இன்ஜின் அவற்றுக்கு மாளிகை. நாலு நாள் எடுக்காத வண்டியென்றால் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு எடுங்கள். அரிசி மூட்டை, தவிட்டு மூட்டை பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

நீண்ட நாள் நின்றால் பேட்டரியும் இறங்கும். சில பிராண்டுகளில் புதுப் பேட்டரி மாட்டினால் மட்டும் போதாது, வண்டியின் கம்ப்யூட்டரில் அதைப் பதிவுசெய்யவும் வேண்டும். இல்லையென்றால் புதுப் பேட்டரியும் சீக்கிரம் போய்விடும்.

டயர் விஷயத்தில் ஒன்று. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், ஒரே ஒரு புது டயரை மட்டும் மாட்டாதீர்கள். புதியதும் தேய்ந்ததும் வேறு வேறு வேகத்தில் சுழல்வதால், நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் 2522 என்றிருந்தால், 2022-ம் ஆண்டின் 25-வது வாரத்தில் தயாரானது.

ஃபெஞ்சல் சொன்ன பாடம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ-க்கு மேல் மழை. அந்த ஈரம் காய்வதற்குள் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பாய்ந்து, பாகூர் பகுதிக் கரையோரக் கிராமங்களுக்குள் புகுந்தது.

'பெரிய வண்டிதானே, தண்ணீரில் போகும்' என்ற நம்பிக்கைதான் இத்தகைய நாட்களில் பெரிய செலவு வைக்கிறது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஏர் சஸ்பென்ஷனோடு 900 மி.மீ, ஃபார்ச்சூனர் 700 மி.மீ ஆழம் வரை போகலாம் என்கின்றன கம்பெனிகள். அது தேங்கி நிற்கும் தண்ணீரில், மெதுவாகப் போகும்போது மட்டும். எதிரே ஒரு பஸ் வந்தால் எழும் அலை இந்தக் கணக்கையெல்லாம் மாற்றிவிடும்.

காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்... மறுபடி ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள்! தண்ணீரில் இறங்கும் முன்பே ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நின்ற இன்ஜினை வண்டியே மறுபடி இயக்கக்கூடும். கயிறு கட்டி இழுக்காமல், ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றுங்கள்.

இன்ஷூரன்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளச் சேதம் சாதாரண முழுக் காப்பீட்டில் வரும். ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் உடைந்த இன்ஜினை, 'அடுத்தடுத்து விளைந்த சேதம்' என்று சொல்லிக் கம்பெனிகள் மறுக்கும். 'ஜீரோ டெப் எடுத்திருக்கேனே' என்பீர்கள். அது பாகங்களின் தேய்மானக் கழிவை ஈடுகட்டுவது. இன்ஜினுக்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற தனி இணைப்பு வேண்டும். பல லட்ச ரூபாய் இன்ஜினுக்கு அந்தக் கூடுதல் பிரீமியம் சின்னத் தொகைதான். அதிலும், தெரிந்தே ஸ்டார்ட் செய்தால் சிக்கல் வரலாம். நியாயமில்லாமல் கிளெய்மை மறுத்தால், கட்டணம் இல்லாமல் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம்.

வெளி மெக்கானிக்கிடம் போகலாமா?

சில பிராண்டுகளுக்கு அதிகாரபூர்வ சர்வீஸ் என்றால் சென்னை வரை 150 கிலோமீட்டர் போக வேண்டும். 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்று 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனையும் கூடாது என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. என்றாலும், வாரன்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ், அதற்குப் பிறகு உங்கள் பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் நல்ல மெக்கானிக் என்று பிரித்துக்கொள்வது நல்லது. யாரிடம் போனாலும் பில்லும், கழற்றிய பழைய பாகமும் கேட்டு வாங்குங்கள்.

காலண்டரில் குறித்துவையுங்கள்!

* வாரம் ஒருமுறை: அரைமணி நேர நெடுஞ்சாலை ஓட்டம். காலையில் நான்கு மூலை உயரமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு பார்வை.

* மாதம் ஒருமுறை: இன்ஜின் ஆயில், கூலன்ட், ஆட்ப்ளூ அளவு, டயர் காற்று. பானெட்டுக்குள் எலி எச்சம் இருக்கிறதா என்று பார்த்தல்.

* புரட்டாசிக்குள்: சன்ரூஃப் குழாய் சுத்தம், வைப்பர், பேட்டரி பரிசோதனை. பாலிசியில் 'இன்ஜின் புரொடெக்ட்' இருக்கிறதா என்று சரிபார்த்தல்.

* மழை எச்சரிக்கை வந்த அன்றே: ஊரில் மேடான இடம் பார்த்து வண்டியை நிறுத்துதல்.

* வருஷம் ஒருமுறை: விளக்கு எரியாவிட்டாலும் ஒரு முழு ஸ்கேன்.

வீட்டில் வண்டியை ஓட்டுபவர் ஒருவர், பில் கட்டுபவர் வேறொருவர் என்றால், இந்தப் பட்டியலை இருவரும் சேர்ந்தே படித்துவிடுங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரிவதை முதலில் பார்ப்பவர் ஓட்டுபவர்தான். அதை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டால், பாதிச் செலவு மிச்சம்!