அறுபதைத் தாண்டி – 14: சக்கரம் போகட்டும், கதவு வேண்டும்

“வீட்டை வித்துட்டு ஒரு கேரவனை வாங்கிடலாம்னு பார்க்கிறேன் சார். பையன் பெங்களூர்ல, பொண்ணு நாகர்கோவில்ல. இங்கயும் அங்கயும் போய் வர்றதுலயே வருஷம் ஓடிருது. அப்புறம் ஆவடியில வீடு எதுக்கு?”

டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர், போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டது இது. போன வாரம் ரயில் கட்டணச் சலுகை பற்றி எழுதியிருந்தேன். 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 சதவீதம் என்று ரயில்வே கொடுத்துவந்த தள்ளுபடி 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது. கொரோனா போயும் தள்ளுபடி திரும்பவில்லை. அந்த எரிச்சலில் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, மனிதர் கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார். அமெரிக்காவில் ஓய்வு பெற்ற தம்பதிகள் வீட்டை விற்றுவிட்டு, வண்டியையே வீடாக்கிக்கொண்டு, பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்குப் போய் வருவதை யூடியூபில் வரிசையாகப் பார்த்திருக்கிறார்.

வானகரத்தில் குடியிருப்பவனுக்கு இந்த ஆசை புரியாமல் போகாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை மேற்கே பிடித்தால் பெங்களூரு. புறவழிச்சாலையில் தெற்கே போய்ப் பெருங்களத்தூரில் இறங்கினால் கன்னியாகுமரி வரை சாலை விரிந்து கிடக்கிறது. வடக்கே புழல் பக்கம் போனால் கொல்கத்தா சாலை. சுங்கச்சாவடி வரிசையில் எல்லா மாநில நம்பர் பிளேட்டும் நிற்கும். செம்பரம்பாக்கம் ஈவிபி பிலிம் சிட்டிக்குப் போகும் நடிகர்களின் கேரவன்கள் ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டு நம்மைத் தாண்டிப் போகும். நமக்கும் ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும்.

அமெரிக்காவில் இந்த வண்டிகளை ஆர்.வி. என்கிறார்கள். அதில் முழுநேரமும் வாழ்கிறவர்களுக்கென்றே அங்கே ஏற்பாடுகள் வளர்ந்திருக்கின்றன. ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதி 1978இல் தொடங்கிய ‘எஸ்கேபீஸ்’ சங்கத்தின் தலைமையிடம், டெக்ஸஸில் ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டன் என்ற சிற்றூர். வண்டியே வீடு என்றால் தபால் எங்கே வரும்? லிவிங்ஸ்டனுக்கு வரும். உறுப்பினர் அந்த மாதம் எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே அனுப்பிவைப்பார்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு எல்லாவற்றுக்கும் அந்த முகவரியைக் கொடுத்திருப்பவர்கள் ஏராளம். குளிர்காலத்துக்கு அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் இருக்கிறது. அங்குள்ள அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை வண்டியை நிறுத்திக்கொள்ளக் கட்டணம் 180 டாலர்.

எல்லாரும் ஆசைப்பட்டு வண்டி ஏறியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2008 பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வேனுக்குள் படுத்துறங்கி, கிடங்குகளில் கூலி வேலை செய்த முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய நூல் ‘நோமேட்லேண்ட்’. அதுதான் படமாகி 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. யூடியூபில் சிரிக்கிற தாத்தாவைப் பார்க்கும்போது இவர்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

எங்கள் மகன் இருப்பது டாலஸ் புறநகர். ஒருமுறை நாங்கள் அங்கே இருந்தபோது, எதிர்வீட்டுக்காரரின் அப்பா அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பஸ் அளவு வண்டியில் வந்தார்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல். அவர் ஓட்ட, அந்த அம்மாள் இறங்கிப் பின்னால் நின்று கை காட்ட, கார் நிறுத்தும் இடத்தில் வண்டியை ஏற்றினார்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். ஏதோ பொத்தானை அமுக்கியதும் நாலு மூலையிலும் இரும்புக்கால் இறங்கி வண்டியைச் சமமாக்கியது. பெருவிரல் தடிமனில் ஒரு கேபிளை இழுத்து வீட்டு மின்சாரத்தில் சொருகினார். தோட்டத்துக் குழாயில் தண்ணீருக்கு ஹோஸ் மாட்டினார். நான் வேடிக்கை பார்ப்பதைக் கவனித்துக் கூப்பிட்டு விளக்கவும் செய்தார். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு ஒரு தொட்டி. கழிப்பறைக்குத் தனித் தொட்டி. அதை மகன் வீட்டு வாசலில் திறந்துவிட முடியாதாம். வழியில் அதற்கென்று இருக்கிற இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, அவரேதான் இறக்க வேண்டுமாம்.

நான் கேபிளையும் தொட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பார்த்தது வேறு. ராத்திரி சொன்னாள்: “கவனிச்சீங்களா, அந்தப் பேத்தி வண்டிக் கதவைத் தட்டிட்டு நிக்குது. பாட்டி வந்து திறந்தப்புறம்தான் உள்ள போகுது.”

மகன் வீட்டு வாசலில் நின்றாலும் அது அவர்கள் வீடு. காலைக் காபி அவர்கள் அடுப்பில். விளக்கை அணைக்கும் நேரம் அவர்கள் இஷ்டம். ஒருவேளை மகன் வீட்டில் சாப்பிட்டால் மறுவேளை பேரப்பிள்ளைகள் வண்டியில் சாப்பிட்டார்கள். அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தின் விதிப்படி ஆர்.வி. சில நாளுக்கு மேல் வாசலில் நிற்கக் கூடாது. அதனால் கிளம்பும் நாள் வந்த அன்றைக்கே எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலையில் கேபிளைச் சுருட்டிவைத்துவிட்டு மகள் வீட்டைப் பார்த்துப் புறப்பட்டார்கள். ‘இன்னும் ரெண்டு நாள் இருங்களேன்’ என்ற பேச்சும் இல்லை, ‘எப்பப்பா கிளம்பறீங்க’ என்ற பேச்சும் இல்லை.

நம் கதை அப்படியா? பார்வையாளர் விசாவில் அமெரிக்காவில் இறங்கினால் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி தருகிறார்கள். டிக்கெட் விலையை நினைத்து அந்த ஆறு மாதத்தையும் முழுசாக இருந்து தீர்த்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து ஓய்வூதியர் வீடுகளில் எழுதாத சட்டம். திரும்பி வந்தால் இன்னொரு பிள்ளை பெங்களூரில் காத்திருக்கும். பேரனுக்குப் பரீட்சை, மகளுக்குப் பிரசவம், சமையலுக்கு வருகிற அம்மா நின்றுவிட்டார், இப்படி ஏதாவது ஒன்று. வானகரத்திலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஆவடி நண்பர் ஆசைப்படுகிற ஊர் சுற்றும் வாழ்க்கையில் நம்மில் பலர் ஏற்கெனவே இருக்கிறோம். வண்டி மட்டும்தான் இல்லை.

வண்டி இல்லாததால் கதவும் இல்லை. மருமகள் தங்கமான பெண். ஆனாலும் அடுக்களை அவளுடையது. பெருங்காயம் எந்த டப்பாவில் என்று என் மனைவி ஒவ்வொரு தடவையும் தேட வேண்டும். மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் கூரையில் இருக்கிற புகை அலாரம் அலறும். மீட்டிங்கில் இருக்கும் மகன் மாடியிலிருந்து ஓடிவந்து அதன் அடியில் துண்டை வீசுவான். டிசம்பர் குளிரில் ஜன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். இரண்டு முறை இப்படி நடந்ததும் என் மனைவி தாளிப்பதையே நிறுத்திவிட்டாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது உறவுக்காரர்களை நினைத்துச் சொன்னது. பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருக்கிற பெற்றோர் விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. அவர்களுக்கு எத்தனை நாள் என்று பழமொழியும் சொல்லவில்லை.

அப்படியானால் வண்டியையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். சட்டம் தடுக்கவில்லை. ‘மோட்டார் கேரவன்’ என்று தனி வகையே இருக்கிறது. ஏஐஎஸ்–124 என்று அதற்கான தரவிதியும் உண்டு. அந்த விதிப்படி ஒப்புதல் பெற்ற வண்டி என்றால் பூந்தமல்லி ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்து ஓட்டலாம். ஆனால் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, தெரிந்த பாடி கட்டும் பட்டறையில் கொடுத்துக் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொள்வது வேறு விஷயம். பதிவுச் சான்றில் இருக்கிற அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. விபத்து என்று வந்தால் காப்பீட்டுப் பணத்துக்கு அதுவே சிக்கலாகும். 55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தால் ஐந்து வருஷத்துக்குத்தான் தருவார்கள், மருத்துவச் சான்றும் வேண்டும்.

வாங்கிய வண்டியை நிறுத்துவது எங்கே? கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, மறுவருஷம் வாகமணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் கொடுத்தது. இவையெல்லாம் வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று நாள் சுற்றிவிட்டு வருகிறவர்களை மனதில் வைத்துப் போட்ட திட்டங்கள். வருஷம் முழுக்க வண்டியில் இருப்பவருக்குப் பயமில்லாமல் ராத்திரி தங்க ஓர் இடம், மின்சாரம், நல்ல தண்ணீர், கழிவை இறக்க வசதி எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். லாரி ஓட்டுநர்கள் பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிறுத்தித் தூங்குகிறார்கள்தான். அவர்களிடம் கழிப்பறைத் தொட்டி கிடையாது. எங்கள் பகுதியில் போன் போட்டால் கழிவுநீர் லாரி வந்துவிடும். உளுந்தூர்பேட்டையில் ஒரு வண்டித் தொட்டிக்காக யாரைக் கூப்பிடுவது? மே மாதத்து ராத்திரியில் அந்தத் தகரக் கூட்டுக்குள் ஏசி ஓட வேண்டும் என்றால் மின்சாரத்துக்கு எங்கே போவது?

வண்டியோடு சமையலையும் கொண்டுபோவது நமக்குப் புதிதல்ல. வேன் பிடித்து அறுபடை வீடு போகிறவர்கள் சமையல்காரரையும் அண்டா குண்டானையும் ஏற்றிக்கொண்டு, நிழல் கண்ட இடத்தில் தார்ப்பாய் விரித்துச் சாம்பார் சாதம் கிண்டுவதை எந்த நெடுஞ்சாலையிலும் பார்க்கலாம். அடுப்பைத் தரையில் இறக்கிவைத்துச் சமைப்பதுதான் அதில் இருக்கிற பாதுகாப்பு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்திவைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அடுப்பும் படுக்கையும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் தரவிதியைக் காகிதம்தானே என்று தள்ள முடியாது.

பெரிய வண்டி இல்லாமலும் ஊர் சுற்றலாம் என்பதற்கு மைசூருவில் ஓர் உதாரணம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற பேளூர், ஹளேபீடுகூடப் பார்த்ததில்லை என்று தாய் சூடாரத்னம்மா சொன்னதைக் கேட்டு, வேலையை விட்டுவிட்ட கிருஷ்ணகுமார், அப்பா வாங்கித் தந்த பழைய பஜாஜ் சேடக் ஸ்கூட்டரில் அம்மாவை உட்காரவைத்து 2018 ஜனவரியில் நாடு சுற்றக் கிளம்பினார். ஸ்கூட்டர் என்பதால் செய்தி ஆனது. எனக்கு அதில் பிடித்தது வேறு. மகனின் வசதிக்குள் அம்மா வந்து ஒடுங்கவில்லை. அம்மாவின் ஆசைக்குள் மகன் போனார்.

இனி வீட்டை விற்கிற விஷயம். முழுநேரமும் சாலையில் இருப்பவருக்கும் நிலையாக ஒரு முகவரி தேவைப்படுகிறது என்பதைத்தான் லிவிங்ஸ்டன் காட்டுகிறது. நமக்கும் அதே கதைதான். மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். முகத்தைக் காட்டிக் கைப்பேசியிலேயே கொடுக்கலாம். 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை பதித்துக்கொண்டு போவார். அவர் வருவதற்கு ஒரு வீடு வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் எந்த வருஷம் எவ்வளவு என்று தெரிந்த டாக்டர் இருக்கிற ஊர் வேண்டும். அமெரிக்காவிலும் கடைசியில் வண்டி ஓட்ட முடியாத நாள் வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு எஸ்கேபீஸ் சங்கமே லிவிங்ஸ்டனில் ஒரு பராமரிப்பு மையம் வைத்திருக்கிறது. வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, அதிலேயே இருந்துகொண்டு, சாப்பாட்டையும் செவிலியர் கவனிப்பையும் பெறலாம். ஊர் ஊராகச் சுற்றியவரும் கடைசியில் ஓர் இடத்தில்தான் நிற்கிறார்.

ஆகவே ஆவடி நண்பரே, வீட்டை விற்காதீர்கள். பெங்களூருக்குக் காரில் போகிறவர் என்றால் 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது. தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாய். ஒரு வருஷத்துக்குள் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளை 200 முறை கடக்கலாம். ஒன்றிரண்டு மாதம் இருப்பதாக இருந்தால் மகன் குடியிருக்கும் அடுக்ககத்திலேயோ அடுத்த தெருவிலேயோ ஓர் அறையும் அடுப்பும் வாடகைக்குக் கிடைக்குமா பாருங்கள். கையில் காசு இடிக்கிறது என்றால் மகன் வீட்டிலேயே ஓர் அறையைக் கேளுங்கள், அதில் ஒரு கெட்டிலும் சின்ன இண்டக்ஷன் அடுப்பும் வைத்துக்கொள்ளுங்கள். போய் இறங்குவதற்கு முன்பே திரும்பும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் அறை எடுத்தபோது அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “பெத்தவங்களைத் தனியா வச்சிருக்கான்னு நாலு பேர் சொல்ல மாட்டாங்களாப்பா?” என்றாள். சொன்னார்கள்தான். ஒரு மாதம் போனதும் மாப்பிள்ளையே சாயங்காலக் காபிக்கு எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார். நாலு பேர் அடங்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் ஆவடி நண்பருக்கு உற்சாகம் குறைந்துபோனது தெரிந்தது. “அப்ப கேரவன் ஆசை அவ்வளவுதானா சார்?” என்றார். அதை ஏன் விட வேண்டும்? வாடகைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வாகமண் பக்கம் இரண்டு நாள் போய்விட்டு வாருங்கள் என்றேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்றும் சொன்னேன்.

(அடுத்த வாரம்: பூட்டிய வீட்டின் தண்ணீர், மின்சாரம், வரி, ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பது?)