குளிரில்லாத ஊரில் மார்கழி

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஏறத்தாழ 1.3 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு 10 நிமிடம்கூட இல்லை. சென்னையில் அது சுமார் ஒன்றரை மணி நேரம். டெல்லியில் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். நமக்கு டிசம்பர் என்றால் மழை, பள்ளி விடுமுறை, ஆர்ச்சர்ட் சாலை விளக்குகள். பனி மூட்டமும் இல்லை, கம்பளியும் இல்லை.

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் அக்கா மகள் சென்ற மார்கழியில் கேட்டாள்: "சித்தி, நமக்குத்தான் குளிர்காலமே இல்லையே, அப்புறம் எதுக்குக் குளிர்காலப் பண்டிகை?"

நியாயமான கேள்வி. "பெரியவங்க செஞ்சாங்க, நாமும் செய்யறோம்" என்பது அதற்குப் பதிலாகாது. கார்த்திகை தீபம், மார்கழி நோன்பு, வைகுண்ட ஏகாதசி, திருவாதிரை, பொங்கல், தைப்பூசம் என்று நவம்பர் முதல் பிப்ரவரி வரை வரிசையாக வரும் இந்த நாள்களின் பொருள் குளிரில் இருந்தால், நம்மைப் பொறுத்தவரை அவை வெறும் சடங்குகள்தாம். பொருள் வேறெங்காவது இருந்தால் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

தேவர்களின் விடியற்காலை

முதலில் ஒரு சிறு கணக்கு. இந்து மரபில் மனிதர்களின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரையிலான உத்தராயணம் அவர்களின் பகல். ஆடி முதல் மார்கழி வரையிலான தட்சிணாயனம் அவர்களின் இரவு. ஆறு மாதம் 12 மணி நேர இரவு என்றால், ஒரு மாதம் இரண்டு மணி நேரம். மார்கழி அந்த இரவின் கடைசி மாதம். அப்படியானால் அது அதிகாலை 4 மணி முதல் 6 மணி வரையிலான பொழுது. பிரம்ம முகூர்த்தம் என்று நாம் சொல்வது ஏறக்குறைய இந்தப் பொழுதைத்தான்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு விடியற்காலை உண்டு, அதுதான் மார்கழி என்பது இந்தக் கணக்கின் சாரம். மார்கழியில் திருமணம் போன்ற வீட்டு விசேஷங்களை வைக்காமல் வழிபாட்டுக்கென்று மாதத்தை ஒதுக்கி வைப்பதும் இந்த எண்ணத்தோடு பொருந்துகிறது.

அறிவியல் மாணவர்களுக்கு இதில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. சூரியன் தென்கோடியைத் தொட்டுவிட்டு வடக்கே திரும்புவது உண்மையில் டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதி. ஆனால் உத்தராயணம் பிறப்பதாக நாம் கொண்டாடும் தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15. பூமியின் அச்சு பம்பரம்போல மிக மெதுவாகத் தள்ளாடுவதுதான் இதற்குக் காரணம். ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள் ஆகும். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துச் சூரியனின் இடத்தைக் கணக்கிடுவதால், சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகி வந்திருக்கின்றன. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் அவை ஒரே நாளில் வந்தன.

ஆக, தமிழ்நாட்டிலேயே பண்டிகையும் பருவமும் முழுமையாகப் பொருந்தி நிற்கவில்லை. ஆனாலும் நாள் நிலைத்தது, பொருளும் நிலைத்தது. பருவம் இல்லாத ஊரில் இருக்கும் நமக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி.

மூன்று முழுநிலவுகள்

கார்த்திகை தீபம், திருவாதிரை, தைப்பூசம் மூன்றும் அடுத்தடுத்த மூன்று மாதங்களின் முழுநிலவை ஒட்டி வருபவை. அந்த நாளில் நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கம் நிற்கிறதோ, அதன் பெயரே விழாவின் பெயர். கார்த்திகை, திருவாதிரை, பூசம் என்று நிலா மாதந்தோறும் வானில் நகர்வதை நம் முன்னோர் விழாக்களாகவே குறித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த நட்சத்திரங்களைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டியதில்லை. டிசம்பர் இரவில் 10 மணிக்கு மேல், மேகம் விலகியிருந்தால், புளோக்கின் கீழே இறங்கி வடகிழக்கு வானில் உயரத்தில் பாருங்கள். நெருங்கிய சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. முருகனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்கள் இவர்கள்தாம். சற்றுக் கீழே கிழக்கில் சிவந்து ஒளிர்வது திருவாதிரை. பூசத்தைக் கண்டுபிடிப்பது நகர வெளிச்சத்தில் கடினம்.

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மாலையில் மகாதீபம் ஏற்றுகிறார்கள். அடிமுடி காண முடியாத ஒளித்தூணாகச் சிவபெருமான் நின்ற கதையே அதன் பின்னணி. பிரம்மாவும் திருமாலும் தேடிச் சோர்ந்த கதை, "எல்லாம் எனக்குத் தெரியும்" என்ற நினைப்புக்கு எதிரான கதை. மலை மேல் ஏற்றும் பெருந்தீபமும் நம் வீட்டு வாசலில் வைக்கும் அகல்விளக்கும் அதே ஒளிக்கே அடையாளம்.

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை" என்பார்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும் நேரம் அது. அதே பருவக்காற்று நமக்கு டிசம்பரைத்தான் ஆண்டின் அதிக மழை மாதமாக ஆக்குகிறது. கார்த்திகைக்குப் பின்னும் இங்கே மழைதான். விளக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு ஏற்றுகிறோம். அதனால் அதன் பொருள் குறைந்துவிடுவதில்லை.

தோழியை எழுப்பும் பாட்டு

மார்கழி என்றதும் திருப்பாவையும் திருவெம்பாவையும் நினைவுக்கு வரும். ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாடல்கள், மாணிக்கவாசகரின் திருவெம்பாவையில் 20. இவற்றை மனப்பாடப் பாடல்களாகவே நம்மில் பலர் அறிந்திருப்போம். பொருளோடு படிக்கும்போது எனக்கு வியப்பளித்தது வேறு ஒன்று. இரண்டிலும் கணிசமான பகுதி தூங்கிக்கொண்டிருக்கும் தோழியை எழுப்புவதிலேயே போகிறது. திருப்பாவையில் 6ஆம் பாடல் முதல் 15ஆம் பாடல் வரை இதுதான் வேலை.

கேலி உண்டு, கொஞ்சல் உண்டு, சண்டைகூட உண்டு. உள்ளே படுத்திருப்பவள் "எல்லாரும் வந்தாச்சா?" என்ற பாவனையில் கேட்பாள். வெளியே நிற்பவர்கள் "நீயே வந்து எண்ணிப் பார்த்துக்கொள்" என்பார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே தேவையில்லை.

சீக்கிரம் எழுந்தவள் தனியாகப் போய் இறைவனை முதலில் பார்த்துவிடலாமே? அப்படிச் செய்வதில்லை. வீடு வீடாக நின்று, எழாதவளையும் எழுப்பி, கூட்டமாகத்தான் போகிறார்கள். தரவரிசையும் மதிப்பெண்ணும் நம்மைத் தனித்தனியாக ஓடப் பழக்கும் ஊரில், மார்கழி சொல்லும் ஆன்மிகம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எழுந்தவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

திருப்பாவையின் இரண்டாம் பாடலிலேயே நோன்பின் விதிகள் வந்துவிடுகின்றன. நெய்யும் பாலும் வேண்டாம், மையும் பூவும் வேண்டாம், பிறரைப் பற்றிக் கோள் சொல்ல வேண்டாம், இல்லாதவர்களுக்கு இயன்றதைக் கொடு. இவற்றில் உணவைவிட நாக்குக்குப் போட்ட கட்டுப்பாடுதான் இன்று கடினம் என்று தோன்றுகிறது. ஒரு மாதம் வாட்ஸ்அப் குழுவில் யாரையும் பற்றிப் புறம் பேசாமல் இருக்க முடியுமா என்று முயன்று பாருங்கள்.

இந்தப் பாடல்கள் குளிர் இல்லாத நாடுகளுக்கும் முன்பே பயணம் செய்திருக்கின்றன. பாங்காக்கில் 1784ல் எழுப்பப்பட்ட பெரிய ஊஞ்சல் கம்பத்தைச் சுற்றுப்பயணத்தில் பார்த்திருப்பீர்கள். ஆண்டுதோறும் சிவபெருமான் பூமிக்கு வருவதாகக் கருதி அங்கே நடைபெற்ற விழாவின் பகுதி அது. ஊஞ்சலாடுவது 1935ல் நின்றுவிட்டாலும், அருகிலுள்ள கோயிலில் தாய்லாந்துப் பிராமணர்களின் வழிபாடு தொடர்கிறது. அந்த விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். அது திருவெம்பாவை, திருப்பாவை ஆகிய பெயர்களின் மருவிய வடிவம் என்பது அறிஞர்கள் எடுத்துக்காட்டிய கருத்து. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்த தனிநாயகம் அடிகளும் இத்தொடர்பை எடுத்துரைத்தவர்களில் ஒருவர்.

ஓசோன் கதை வேண்டாம்

மார்கழி வந்தால் ஒரு செய்தியும் தவறாமல் வரும்: "மார்கழி அதிகாலையில் ஓசோன் வாயு பூமிக்கு இறங்குகிறது, அதைச் சுவாசிக்கவே முன்னோர் எழுந்து கோலம் போடச் சொன்னார்கள்." இது சரியல்ல. நம்மைக் காக்கும் ஓசோன் படலம் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரை மட்டத்தில் உள்ள ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதி. அது வெயிலின் துணையால் உருவாவதால் அதிகாலையில் குறைவாகவே இருக்கும்.

ஒரு வழிபாட்டைக் காப்பாற்றப் பொய்யான அறிவியலை முட்டுக் கொடுத்தால், முட்டு விழும்போது வழிபாடும் சேர்ந்து விழும். வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டு, "அப்போ எல்லாமே கட்டுக்கதைதான்" என்று ஒதுங்கிவிட்டால் இழப்பு அவருக்குத்தான். விடியுமுன் எழுந்து, வாசலில் கோலமிட்டு, சற்று நேரம் அமைதியாக இருப்பதன் பயனை உணர ஓசோன் தேவையில்லை.

வாசல், நடனம், நன்றி

மார்கழியின் வளர்பிறை ஏகாதசியே வைகுண்ட ஏகாதசி. திருவரங்கத்தில் பகல் பத்து, இராப்பத்து என்று நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் ஓதும் விழாவின் நடுவே பரமபத வாசல் திறக்கிறது. இங்கே சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலும் அன்று கூட்டம் நிறைந்திருக்கும். பட்டினியும் கண்விழிப்பும் அன்றைய விரதம். அந்த வாசலைக் கடக்கும்போது எதை வெளியே விட்டுவிட்டுப் போகிறோம் என்று ஒரு கணம் யோசித்தால் போதும்.

திருவாதிரை நடராசருக்கு உரியது. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம், வீடுகளில் களி. எளியவரான சேந்தனார் அன்போடு படைத்த களியை இறைவன் ஏற்ற கதையை அன்று சொல்வார்கள். நைவேத்தியத்துக்கு விலையுயர்ந்த பொருள் தேவையில்லை என்பது அதன் செய்தி.

பிறகு தை. வயல் இல்லாத சிங்கப்பூரில் அறுவடைத் திருநாள் எதற்கு என்று கேட்கலாம். நாம் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. தாய்லாந்திலும் வியட்னாமிலும் இந்தியாவிலும் யாரோ நட்டு அறுத்த அரிசிதான் நம் பொங்கல் பானையில் பொங்குகிறது. நன்றி சொல்ல வேண்டிய கடன் வயல் உள்ளவரைவிட நமக்கே அதிகம். கேம்பல் லேனில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

தைப்பூசத்தில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போவதைப் பார்க்கிறோம். படம் எடுக்கப்படுவது காவடி. படத்தில் வராதவை அதற்கு முந்தைய விரத நாள்களும், பக்கத்திலேயே நடந்து வரும் அண்ணன், தங்கை, நண்பர்களும். இங்கும் யாரும் தனியாக நடப்பதில்லை.

நாம் செய்யக்கூடியது

சிங்கப்பூரில் சூரியன் 7 மணியளவில் உதிப்பதால் பிரம்ம முகூர்த்தம் 5.30 மணியையொட்டித் தொடங்குகிறது. பள்ளி நாள்களில் நம்மில் பலர் எப்படியும் எழும் நேரம்தான் அது. கைப்பேசியின் அலாரம் எழுப்புகிறது, பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுகிறோம். மார்கழியின் முதல் பாதி விடுமுறையில் வருகிறது, பிற்பாதி பள்ளி திறந்த பிறகு. முதல் பாதியில் யாரும் கட்டாயப்படுத்தாமல் எழுவது ஒரு பயிற்சி. பிற்பாதியில் எப்படியும் எழுந்த பொழுதில் பத்து நிமிடத்தைக் கைப்பேசி இல்லாமல் ஒதுக்குவது இன்னொரு பயிற்சி.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு விளக்கு, ஒரு பாசுரம் அல்லது ஒரு திருவெம்பாவைப் பாடல், அதன் பொருள். அப்படிச் செய்தால் ஜனவரி நடுவில் முப்பது பாடல்கள் உங்கள் வசமாகியிருக்கும்.

குளிர்நாட்டில் இருப்பவருக்கு இருள் நீள்வதையும் ஒளி திரும்புவதையும் இயற்கையே காட்டிக்கொடுக்கிறது. நமக்கு அந்த உதவி இல்லை. இங்கே ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி விடிகிறது. ஆகவே நமக்கு மார்கழி தானாக வருவதில்லை, நாம்தான் எழுந்து அதைத் தொடங்க வேண்டும்.

"தை பிறந்தால் வழி பிறக்கும்" என்ற பழமொழியைத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் ஜனவரியில் எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய மாதத்தில் விழித்திருந்தவர்களுக்கு அந்த வழி கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். இந்த மார்கழியில் நீங்கள் எழுந்தால், இன்னும் தூங்கும் நண்பர் ஒருவருக்கும் ஓர் அழைப்புக் கொடுங்கள்.