உஷார்! அட்டையில் ஒரு முகம், தட்டில் வேறு குரல்

பழைய ஹாலிவுட் இசைப்படங்களின் ரெக்கார்டுகளைத் தேடி வாங்குகிறீர்களா? காசை நீட்டும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அட்டையில் படத்தின் பெயர் இருக்கிறது என்பதாலேயே திரையில் கேட்ட பாட்டு உள்ளே இருக்கும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தவன்.

1954இல் வந்த 'ஒயிட் கிறிஸ்துமஸ்' படத்தில் பிங் கிராஸ்பியோடு ரோஸ்மேரி க்ளூனி பாடுவார். அவர் குரலுக்காகவே அலைந்து திரிந்து டெக்கா ரெக்கார்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து முள்ளை வைத்தால் வேறொரு பெண் பாடுகிறார். பெகி லீ! தட்டு போலி இல்லை, அசல்தான். கிராஸ்பி டெக்கா ரெக்கார்டு கம்பெனியின் பாடகர். க்ளூனியோ வேறொரு கம்பெனியான கொலம்பியாவுக்கு ஒப்பந்தமானவர். அதனால் டெக்கா பெகி லீயை அழைத்து, ஸ்டுடியோவில் பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்தது. கொலம்பியாவும் சும்மா இருக்கவில்லை, கிராஸ்பி இல்லாமல் க்ளூனியை மட்டும் பாட வைத்துத் தனியாக ஒரு தட்டு போட்டது. இரண்டில் எதை வாங்கினாலும் படத்தில் ஒலித்த பாட்டு கிடைக்காது. அதே ஆண்டு வந்த 'தேர் இஸ் நோ பிசினஸ் லைக் ஷோ பிசினஸ்' படத்துக்கும் இதே கதிதான். மர்லின் மன்றோ ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு ஒப்பந்தமானவர் என்பதால், டெக்கா தட்டில் அவர் பாட்டுகளை டோலரஸ் கிரே பாடியிருக்கிறார்.

'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' 1939இல் வந்த படம். 1940இல் டெக்கா விற்ற தட்டுகளில் படத்தில் நடித்தவர்களில் ஜூடி கார்லண்ட் மட்டுமே உண்டு. மற்றவர்களெல்லாம் ஸ்டுடியோ பாடகர்கள். படத்தின் ஒலியையே எடுத்து, படத்தைத் தயாரித்த எம்.ஜி.எம். எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் தட்டு) போட்டது 1956இல்தான்.

'மை ஃபேர் லேடி' வாங்கப் போகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1956இல் பிராட்வே நாடகத் தட்டு, மோனோ. 1959இல் லண்டன் நாடகத் தட்டு, ஸ்டீரியோ. இரண்டிலும் ஜூலி ஆண்ட்ரூஸ்தான் பாடுகிறார், அட்டையிலும் அதே பொம்மலாட்ட ஓவியம்தான். 1964இல் வந்த திரைப்படத் தட்டு முற்றிலும் வேறு. நடித்தது ஆட்ரி ஹெப்பர்ன், பெரும்பாலான பாட்டுகளைப் பாடியது மார்னி நிக்சன். ஜூலி குரலைக் கேட்க ஆசைப்பட்டுத் திரைப்படத் தட்டை வாங்கினால் பணம் போச்சு.

அதனால் அட்டைப் படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். 'ஒரிஜினல் காஸ்ட்' என்றால் நாடகம். 'ஒரிஜினல் சவுண்ட்டிராக்' என்றால் சினிமா. 'செலக்‌ஷன்ஸ் ஃப்ரம்' என்று இருந்தால் சந்தேகப்படுங்கள், பாடகர் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் அட்டைப் படம் மட்டும் போதாது, தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மோனோவை இரண்டாகப் பிரித்து 'எலெக்ட்ரானிக் ஸ்டீரியோ' என்று அறுபதுகளில் விற்றார்கள். அதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பழைய 78 சுற்றுத் தட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புவது. என் நண்பர் தன் அப்பாவின் பெட்டியிலிருந்து ஜூடி கார்லண்ட் பாடிய ஒரு தட்டை எடுத்தார். தூசி. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. அழுக்குதான் போகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்திருக்கிறார். அந்தத் தட்டு அரக்கில் செய்தது! கதவுக்குப் பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே? இப்போது அந்தத் தட்டைப் போட்டால் முதல் பாதி வெறும் இரைச்சல்தான்.

தட்டு போனால் இன்னொன்று அச்சடித்துக்கொள்ளலாம் என்று அலட்சியமாக இருக்க முடியாது. 2008 ஜூன் 1 அன்று கலிபோர்னியாவில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்துக் கிடங்கு எரிந்தபோது ஏராளமான மூல ஒலிநாடாக்களும் சாம்பலாயின. மறுபடி வாசித்துப் பதியலாம் என்றாலோ, எம்.ஜி.எம்.மின் இசைப்படங்களுக்கு எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா தாள்களும் இடம் அடைக்கிறது என்று குப்பை மேட்டில் கொட்டப்பட்டன. உங்கள் பரணில் கிடக்கும் தட்டைத் தயவுசெய்து பதறாமல், பத்திரமாகக் கையாளுங்கள்.

78 தட்டுக்கு ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டவே வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். அதற்குரிய அகலமான முள்ளை மட்டும் வையுங்கள், எல்.பி. முள் 78 தட்டின் பள்ளத்து அடியில் உரசும். எல்.பி.யில் 78 முள்ளை ஓட்டினால் பள்ளம் சேதமாகலாம். தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். வெயில் விழும் ஜன்னலோரத்திலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.