லிங்கன் கான்டினென்டல் (1961–1969): மாடல் ஆண்டுகள் ஓர் ஒப்பீடு

லிங்கன் கான்டினென்டல் என்பது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தனது லிங்கன் பிரிவின் பெயரில் தயாரித்த சொகுசுக் கார். இப்பெயரில் பல தலைமுறைக் கார்கள் வந்துள்ளன. அவற்றுள் 1961 முதல் 1969 வரை வந்தவை இன்றும் பழைய கார் ஆர்வலர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றன. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இந்த ஒன்பது ஆண்டுக் கார்களும் ஒரே கார் போலத்தான் தோன்றும். ஆனால் 1961 காரை ஓட்டுவதும் 1967 காரை ஓட்டுவதும் ஒன்றல்ல. முக்கியமான வேறுபாடு, பார்வைக்குப் படாத பிரேக்கில் இருக்கிறது.

'மாடல் ஆண்டு' என்பது காலண்டர் ஆண்டு அன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அடுத்த ஆண்டுக்குரிய கார்கள் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். நம் பள்ளிகளில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்காமல் ஜூனில் தொடங்குவது போன்றது இது. 1961 மாடல் கான்டினென்டல் 1960-ஆம் ஆண்டின் இறுதியிலேயே கடைக்கு வந்துவிட்டது.

தோற்றத்தின் கதை

1950-களில் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் ஆண்டுதோறும் உருவத்தை மாற்றின. நீளமும், பின்புற இறக்கைகளும், பளபளக்கும் குரோமியப் பட்டைகளும் கூடிக்கொண்டே போயின. 1960 லிங்கனின் நீளம் சுமார் 5.77 மீட்டர். விற்பனையோ நட்டத்தில் இருந்தது. அந்நிலையில் எல்வுட் ஏங்கல் என்ற வடிவமைப்பாளர் தண்டர்பேர்டு என்ற வேறொரு ஃபோர்டு காருக்காக உருவாக்கிய மாதிரியை நிறுவன நிர்வாகி ராபர்ட் மக்னமாரா கண்டார். அதை நான்கு கதவுள்ள லிங்கனாக மாற்றும்படி கூறினார். இவரே பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலாளரானவர்.

அப்படி வந்த 1961 கார் சுமார் 5.39 மீட்டர்தான் இருந்தது. இறக்கைகள் இல்லை. பக்கங்கள் வழவழப்பாக இருந்தன. பின்கதவுகளின் கீல் பின்பக்கம் இருந்ததால் முன்கதவும் பின்கதவும் எதிரெதிராகத் திறந்தன. பின் இருக்கையில் ஏறி இறங்க இது வசதி. ஓடும்போது கதவு திறந்துவிட்டால் ஆபத்து என்பதால், சரியாக மூடாத கதவைக் காட்டிக்கொடுக்க டேஷ்போர்டில் ஒரு விளக்கு வைத்தார்கள். நான்கு கதவுடன் மேற்கூரையைத் திறந்து மூடக்கூடிய கன்வர்ட்டிபிள் வகையும் இருந்தது.

இனி ஆண்டுதோறும் உருவத்தை மாற்றாமல் சிறிது சிறிதாகச் செம்மைப்படுத்துவோம் என்று லிங்கன் பிரிவு முடிவெடுத்தது. அதனால்தான் இக்கார்களின் ஆண்டைக் கண்டுபிடிப்பது சற்றுச் சிரமம். 1962-இல் முகப்பு கிரில் எளிமையானது. 1963-இல் அது சிறு சதுரங்களாக மாறியது. டிக்கியில் இடம் கூடியது. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வந்தது. 1964-இல் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 123 அங்குலத்திலிருந்து 126 அங்குலமானது. பின் இருக்கையில் கால் நீட்ட முடியவில்லை என்ற குறை இதனால் தீர்ந்தது. அதே ஆண்டில் பக்கக் கண்ணாடிகள் வளைவை இழந்து தட்டையாயின. உள்ளே தோள் பக்கம் இடம் கிடைத்தது உண்மைதான். என் கண்ணுக்கு அழகு குறைந்துவிட்டது. 1966-இல் வளைந்த கண்ணாடி மீண்டும் வந்தது.

கிரில்லை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்லிவிடக் கூடாது. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டபோது அவர் பயணம் செய்தது, நீளம் கூட்டி மாற்றியமைக்கப்பட்ட 1961 மாடல் கான்டினென்டல் கன்வர்ட்டிபிள். ஆனால் அதன் முகப்பில் இருந்தது 1962 மாடலின் கிரில். படத்தை மட்டும் பார்ப்பவர் அதை 1962 கார் என்றே சொல்வார். இன்று அக்கார் டியர்போர்ன் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளது.

பிரேக்கின் கதை

1961 காரின் எடை சுமார் 2,200 கிலோ. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 8.5 லட்சம் ஜூல். (மாணவர்கள் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிச் சரிபார்க்கலாம், வேகத்தை நொடிக்கு மீட்டராக மாற்ற மறக்க வேண்டாம்.) பிரேக் போட்டு நிறுத்தும்போது இவ்வாற்றலில் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாக மாறுகிறது. அறை வெப்பநிலையில் உள்ள இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும்.

1961 முதல் 1964 வரை நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். டிரம் என்பது மூடிய பாத்திரம் போன்றது. உராயும் பகுதி உள்ளே இருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. மலைப்பாதை இறக்கத்தில் அடிக்கடி பிரேக் போட்டால் டிரம் சூடாகி விரியும், லைனிங்கின் உராய்வு குறையும், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்கத் தயங்கும். டிஸ்க் பிரேக்கில் வட்டத்தகடு காற்றில் வெளிப்படையாகச் சுழல்வதால் வெப்பம் விரைவாகப் போய்விடும். நிறுத்தும்போது எடை முன்சக்கரங்களின் மேல் சாய்வதால் அங்குதான் வேலை அதிகம். 1965 மாடலில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அந்த ஆண்டு பார்ப்பவர்கள் கவனித்தது தட்டையான புதிய முகப்பையும், முன் பக்கவாட்டுக்கு நகர்ந்த சிக்னல் விளக்குகளையும்தான்.

1966-இல் உடல் இன்னும் நீண்டு சுமார் 5.61 மீட்டரானது. எஞ்சின் 430 கன அங்குலத்திலிருந்து 462-க்கு உயர்ந்து 340 குதிரைத்திறன் தந்தது. இரண்டு கதவு வகையும் சேர்ந்தது.

1967 மாடல் 1966-ஐ அச்சாக ஒத்திருக்கும். ஆனால் பிரேக் எண்ணெய் அமைப்பு அவ்வாண்டு இரண்டு தனித்தனிச் சுற்றுகளானது. அதற்கு முன் இருந்தது ஒரே சுற்று. எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். இரட்டைச் சுற்றில் ஒன்று பழுதானாலும் மற்றது காரை நிறுத்தும். ஒரே நிறத்தில் 1966 காரும் 1967 காரும் பக்கத்தில் நின்றால், வெறுமனே காட்சிக்கு வைப்பவர் எதையும் எடுக்கலாம். சாலையில் ஓட்ட நினைப்பவர் 1967-ஐ எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. நான்கு கதவு கன்வர்ட்டிபிள் வேண்டுவோருக்கும் அதுவே கடைசி ஆண்டு.

1968 முதல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்ததால் பக்கவாட்டு விளக்குகள் சேர்ந்தன. பானெட்டின் மேலிருந்த நட்சத்திரச் சின்னம் நீங்கியது. அந்த மாடல் ஆண்டின் இடையில் 460 கன அங்குல எஞ்சின் புகுந்தது. 1969-உடன் இந்த வரிசை முடிவுற்றது. 1970 மாடல் தனிச் சட்டகத்தின் மேல் கட்டப்பட்டது. அதன் பின்கதவுகள் மற்றக் கார்களைப் போலவே திறந்தன.