ஆகாயத்தில் அவர்களுக்கு விடுதலை உண்டா?



ஒற்றைப்படை ஆண்டுகளின் பிப்ரவரி மாதத்தில் பெங்களூரின் வடக்கே யெலகங்கா விமானப்படைத் தளத்தில் 'ஏரோ இந்தியா' கண்காட்சி நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். நகரின் தெற்கு முனையாகிய எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் அநேக பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுகிறார்கள். ஒன்பது விமானங்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் பறந்து போவதைக் கண்ட பிள்ளை, வீடு திரும்பும் வழியில், "அப்பா, நானும் இப்படிப் பறப்பேன்" என்று சொல்லாமல் இருப்பதில்லை.

சில்க் போர்டு சந்திப்பிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேம்பாலச் சாலையின் நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் போர் விமானம் அந்தத் தூரத்தை 40 விநாடிகளில் கடந்துவிடும். அடையாள அட்டையைக் காட்டி அலுவலக வாயிலுக்குள் நுழைந்து, ஒன்பது மணி நேரம் திரையின் முன் அமர்ந்திருக்கும் நமக்கு, மனிதரிலேயே மிகுந்த விடுதலை பெற்றவர் அந்த விமானிதான் என்று தோன்றுவது இயல்பே. அது உண்மைதானா? அவருக்குள்ள விடுதலை எப்படிப்பட்டது? இதைத்தான் இக்கட்டுரையில் நாம் சிந்திக்கப் போகிறோம்.

ஒரு மணி நேரப் பறத்தலுக்கு ஒரு நாள் உழைப்பு

போர் விமானியின் நாள் அதிகாலையில் வானிலை அறிக்கையோடு தொடங்குகிறது. மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, காற்று எந்தத் திசையில் வீசுகிறது, பறவைகளின் நடமாட்டம் எங்கே அதிகம், தரையிறங்க முடியாமற்போனால் மாற்றுத் தளம் எது என்பவையெல்லாம் எல்லோருக்கும் சொல்லப்படுகின்றன. அதன்பின் அன்றைய பயிற்சியில் சேர்ந்து பறப்பவர்கள் தனியே அமர்ந்து ஒவ்வொரு நிமிடத்தையும் திட்டமிடுகிறார்கள். எந்த உயரத்துக்குக் கீழே இறங்கக்கூடாது, எவ்வளவு எரிபொருள் மீதியிருக்கும்போது திரும்ப வேண்டும், வானொலித் தொடர்பு அறுந்துபோனால் என்ன செய்வது என்பவை தரையிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. ஆகாயத்தில் போய் யோசித்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. அந்த வேகத்தில் நான்கு விநாடி யோசித்தால் விமானம் ஒரு கிலோமீட்டர் கடந்திருக்கும்.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறந்து இறங்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. பதிவான தகவல்களைத் திரையில் ஓடவிட்டு, யார் எங்கே தவறினார்கள் என்று ஆராய்கிறார்கள். இந்த ஆய்வு பல நாட்களில் பறந்த நேரத்தைக்காட்டிலும் நீண்டுவிடும். மூத்தவர் செய்த பிழையையும் இளையவர் அங்கே எடுத்துச் சொல்லலாம் என்பது போர் விமானிகளிடையே நெடுநாளாக உள்ள மரபு. தவறை மறைத்தால் அடுத்த முறை அது ஓர் உயிரைக் கேட்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

இதல்லாமல், எல்லைக்கு அருகான தளங்களில் ஆயத்தப் பணி என்று ஒன்று உண்டு. பறக்கும் உடையை அணிந்துகொண்டு, ஆயுதம் ஏற்றப்பட்ட விமானத்தின் அருகே அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். மணி ஒலித்தால் சில நிமிடங்களுக்குள் விமானம் தரையைவிட்டு எழும்ப வேண்டும். ஒலிக்காவிட்டால் காத்திருப்பதே அந்த நாளின் ஊழியம்.

சரீரம் சுமக்கும் பாரம்

விமானம் அதிவேகத்தில் சட்டென்று திரும்பும்போது விமானியின் எடை பல மடங்காகிறது. பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட தேஜஸ் விமானம் எட்டு 'ஜி' வரை தாங்கக்கூடியது. அதாவது 70 கிலோ எடையுள்ள மனிதன் அந்த நேரத்தில் 560 கிலோ எடையுள்ளவனாகிறான். கையைத் தூக்குவதே பெரும்பாடு. இரத்தம் தலையிலிருந்து கால்களை நோக்கி இறங்குகிறது. முதலில் நிறங்கள் மங்கும். பின்பு பார்வை குறுகும். அதையும் மீறினால் நினைவு தப்பும். பயிற்சியில்லாதவர்களில் பலர் நான்கு அல்லது ஐந்து ஜி-யிலேயே தாங்க மாட்டார்கள்.

இதைச் சமாளிக்க, காற்றடைத்துக் கால்களையும் வயிற்றையும் இறுக்கும் 'ஜி-சூட்' அணிகிறார்கள். அத்தோடு தசைகளை இறுக்கி, மூச்சை அடக்கி, ஏறத்தாழ மூன்று விநாடிக்கு ஒருமுறை சட்டென்று மாற்றிச் சுவாசிக்கும் முறையையும் பழகுகிறார்கள். இந்தப் பயிற்சிக்குரிய இடம் நம் நகரிலேயே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில், நீண்ட கரத்தின் முனையில் மனிதனை அமர்த்திச் சுழற்றும் இயந்திரம் உண்டு. தரையில் இருந்தபடியே அந்தப் பாரத்தை அங்கே சுமந்து பழகுகிறார்கள்.

இப்பொழுது ஒரு சிறிய காரியத்தைக் கவனியுங்கள். சாதாரணச் சளி பிடித்திருந்தால்கூட போர் விமானி பறக்கக்கூடாது. உயரத்திலிருந்து வேகமாக இறங்கும்போது அடைபட்ட காதும் மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளும் காற்றழுத்த மாற்றத்தைத் தாங்காமல் கொடிய வலியைத் தரும். செவிப்பறை கிழியவும் கூடும். ஆகவே, "இன்று நான் பறக்கும் நிலையில் இல்லை" என்று மருத்துவரிடமும் தலைவரிடமும் சொல்வது அவருடைய உரிமை, கடமையும் அதுவே. சொல்வது எளிதல்ல. உடன் பயின்றவர்கள் பறந்துகொண்டிருக்க, தான் மட்டும் தரையில் நிற்பதை எந்த வாலிபனும் விரும்புவதில்லை. ஆயினும் சொல்லாமல் ஏறுகிறவன் தன்னை மட்டுமல்ல, தன்னோடு பறப்பவரையும் ஆபத்துக்குள்ளாக்குகிறான். போர் விமானியின் முதலாவது விடுதலை, 'முடியாது' என்று சொல்லக்கூடிய விடுதலையே.

சோதனை விமானிகளின் நகரம்

புதிய விமானத்தை முதன்முதலாக ஆகாயத்துக்குக் கொண்டுபோகிறவர் சோதனை விமானி. அவர்களைப் பயிற்றுவிக்கும் விமானப்படைப் பள்ளி பெங்களூரில்தான் இயங்குகிறது. நீங்கள் பழைய மதராஸ் சாலையிலிருந்து எச்.ஏ.எல். பக்கம் சென்றிருந்தால் சுரஞ்சன் தாஸ் சாலையைக் கடந்திருப்பீர்கள். இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானமான 'மாருத்' 1961-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதன்முறையாகப் பறந்தபோது அதை ஓட்டியவர் அவரே. 1970-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அதே வகை விமானத்தைச் சோதிக்கையில் உயிரிழந்தார். அந்தச் சாலையில் தினமும் செல்லும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனைபேர் இதை அறிவார்கள்?

2001-ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று, எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் தேஜஸின் முதல் மாதிரியை 18 நிமிடங்கள் ஓட்டி இறக்கினார். மென்பொருள் எழுதும் வாசகர்களுக்கு இந்த விமானத்தின் தன்மை எளிதில் விளங்கும். விரைவாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக அது வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. நான்கு வழிகளில் ஒரே நேரத்தில் கணக்கிடும் கணினியே அதை ஒவ்வொரு கணமும் நேராகப் பிடித்து நிறுத்துகிறது. விமானி கோலை அசைக்கும்போது இறக்கையை நேரடியாக அசைக்கவில்லை. கணினியிடம் தன் விருப்பத்தைத் தெரிவிக்கிறார். விமானத்துக்குக் கேடு வரக்கூடிய கட்டளையைக் கணினி ஓர் எல்லைக்குள் கட்டுப்படுத்துகிறது. ஆகாயத்தில் தன்னிச்சையாகத் திரிகிறவர் என்று நாம் எண்ணும் விமானி, உண்மையில் நூற்றுக்கணக்கான பொறியாளர்களின் உண்மையை நம்பி அமர்ந்திருக்கிறார்.

அந்த நம்பிக்கைக்கும் விலை உண்டு. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று, மேம்படுத்தப்பட்ட மிராஜ்-2000 விமானத்தைச் சோதிக்கப் புறப்பட்ட ஸ்குவாட்ரன் லீடர்கள் சமீர் அப்ரோல், சித்தார்த்த நேகி இருவரும் எச்.ஏ.எல். விமான நிலையத்தில் ஏற்பட்ட விபத்தில் உயிரிழந்தனர். அதே மாதம் 19-ஆம் தேதி, யெலகங்காவில் கண்காட்சிக்கான ஒத்திகையில் சூர்யகிரண் குழுவின் இரு விமானங்கள் மோதிக்கொண்டதில் விங் கமாண்டர் சாகில் காந்தி உயிரிழந்தார். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று துபாய் கண்காட்சியில் தேஜஸ் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் மரித்தபோது, அவருடைய உடல் முதலில் வந்து சேர்ந்தது கோயம்புத்தூருக்கு அருகேயுள்ள சூலூர் தளத்துக்குத்தான். சாகசக் காட்சியைப் பார்த்து நம் பிள்ளைகளோடு கைதட்டும் நாம் இந்தப் பெயர்களையும் அறிந்திருப்பது நல்லது.

விமானத்தை விட்டுவிடும் உரிமை

போர் விமானியின் இருக்கைக்கு அடியில் ராக்கெட் உண்டு. கைப்பிடியை இழுத்தால் இருக்கையோடு அவரை வெளியே எறிந்து, பாராசூட்டை விரிக்கும். உயிர் பிழைப்பார், ஆனால் முதுகெலும்பு நொறுங்கவும் கூடும். விமானத்தைக் காப்பாற்ற முடியாது என்று கண்டால் அதை விட்டுவிட விமானிக்கு முழு அதிகாரமுண்டு. விமானத்தை மறுபடியும் செய்துகொள்ளலாம்.

காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்பணமூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த அபிநந்தன் வர்த்தமான், 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 விமானத்திலிருந்து அப்படித்தான் வெளியேறினார். பாகிஸ்தானில் சிறைப்பட்டு, மார்ச் 1 அன்று வாகா எல்லை வழியாகத் திரும்பினார். அந்த ஆண்டு செப்டம்பர் மாதமே மீண்டும் விமானத்தை ஓட்டினார்.

வேறொருவர் கைப்பிடியை இழுக்காமலிருந்தார். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று, பழுது நீக்கப்பட்ட தேஜஸ் ஒன்றைச் சோதிக்க விங் கமாண்டர் வருண் சிங் தனியே பறந்தார். மிகுந்த உயரத்தில் விமானி அறையின் காற்றழுத்தம் குறைந்தது. உடனே கீழிறங்கத் தொடங்கினார். இறங்கும்போது கட்டுப்பாட்டு அமைப்பும் செயலிழந்தது. விமானம் தலைகீழாகப் பாய்ந்தும் எழும்பியும் உயரத்தை இழந்தது. போராடி அதை அடக்கினார். ஏறத்தாழ 10,000 அடியில் இரண்டாம் முறையும் கட்டுப்பாடு போயிற்று. வெளியேற அவருக்கு முழு உரிமை இருந்தது. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மறுபடியும் விமானத்தை அடக்கிப் பத்திரமாகத் தரையிறக்கினார். பழுது எங்கே என்று பொறியாளர்கள் கண்டறிய அந்த விமானம் முழுமையாகக் கிடைத்தது. 2021-ஆம் ஆண்டு அவருக்குச் சௌரிய சக்ரா விருது அறிவிக்கப்பட்டது.

விருதுக்குப்பின் அவர் தாம் படித்த பள்ளியின் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் பள்ளியில் நடுத்தர மாணவனாகவே இருந்ததையும், எல்லோரும் முதல் மதிப்பெண் எடுக்க வேண்டியதில்லை என்பதையும், விரும்பிய வேலையை முழுமனதோடு செய்தால் போதும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். சில மாதங்களில், 2021 டிசம்பர் 8 அன்று, குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத்தோடு பதினான்குபேர் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது. அதில் உயிரோடு மீட்கப்பட்டு, பெங்களூர் இராணுவ மருத்துவமனையில் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று மரித்தவர் இந்த வருண் சிங்கே.

உங்கள் பிள்ளை விரும்பினால்

அருமையான பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இந்தப் பணியை விரும்பினால் உடனே தடுத்துவிடாதீர்கள். உடனே பெருமை பேசவும் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இன்றியமையாதவை. பள்ளிப் படிப்புக்குப்பின் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு வழியாகவும், பட்டப்படிப்புக்குப்பின் விமானப்படைப் பொதுத் தேர்வு வழியாகவும் சேரலாம். தேர்வுக் குழுக்களில் ஒன்று மைசூரிலேயே உண்டு. விமானம் ஓட்டும் திறனை அளக்கும் கணினித் தேர்வில் ஒருமுறை தவறினால் மறுமுறை எழுத முடியாது. கண்பார்வை, உயரம், கால்களின் நீளம் வரை அளக்கப்படும். இவற்றில் தகுதி பெறாமற்போவது பிள்ளையின் குற்றமல்ல என்பதை முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் இந்தியாவின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றனர். சென்னையில் பிறந்த குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன், ககன்யான் விண்வெளித் திட்டத்துக்குத் தெரிந்துகொள்ளப்பட்ட நான்கு விமானிகளில் ஒருவர்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் குடும்பங்கள் இவை. புதிய பாஷை, புதிய பள்ளி, புதிய அயலகத்தார். சொந்த ஊரை விட்டு வந்து இந்த நகரில் வாழும் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கோ, விமானம் திரும்பும் சத்தம் கேட்கும்வரை அடங்காத ஒரு பாரமும் கூட உண்டு.

வாசகர்களே, இந்தக் கட்டுரையை வாசிக்கும் உங்களில் சிலர் இன்றிரவும் பணிக்குப் போவீர்கள். இரவு முழுவதும் விழித்திருந்துவிட்டு, காலையில் கண் சொருக இருசக்கர வாகனத்தில் ஓசூர் சாலையில் செல்லுகிறவர்கள் உங்களில் உண்டு. காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. பல கோடி ரூபாய் விமானத்தைக் கையில் ஏற்ற வீரனே, "இன்று என்னால் இயலாது" என்று வெட்கப்படாமல் சொல்லுகிறான். நீங்களும் சொல்லலாம். நாளைக் காலை கண் அயர்ந்தால் வண்டியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறி வாருங்கள். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.