ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள்... அண்ணன் இந்தியர், தம்பி வெளிநாட்டவர்!

மண்டபம் அகதிகள் முகாமில் 1986-ல் ஒரு பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் கழித்து, அதே முகாமில் அதே தாய்க்கு இன்னொரு பிள்ளை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே ரேஷன் அரிசியில் வளர்ந்தவர்கள். ஆனால் சட்டப்படி மூத்தவர் இந்தியக் குடிமகன்; இளையவர் வெளிநாட்டவர்!

இருவரையும் பிரிப்பது 1987 ஜூலை 1 என்ற தேதி. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் அந்தத் தேதிக்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும் பிறப்பால் இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு, அம்மா அப்பாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது.

1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களின் முதல் சில வருடக் குழந்தைகளுக்கு இந்த விதி ஒரு கதவு. ஆனால், பல வருடங்கள் அப்படியொரு கதவு இருப்பதே பலருக்குத் தெரியாது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு நீதிமன்றம் போனார். 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 'இவர் பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள்' என்று உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார்.

மற்றவர்களுக்கு?

11 வருடங்களுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமே என்று கேட்கலாம். அதைத்தான் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற ஒரு சொல் தடுக்கிறது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் அனைவரும் அந்தப் பட்டியலில் அடக்கம். குண்டுக்குத் தப்பி ராத்திரியில் படகு பிடித்தவர் விசாவுக்கு எங்கே போவார்? இந்தியரைத் திருமணம் செய்தவருக்கும் இதே முட்டுக்கட்டைதான்.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இல்லை. பெரிய நிம்மதிதான். ஆனால், 'குடியுரிமை கிடைத்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் பரவியதை நம்ப வேண்டாம். பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு இதே மாதிரி விலக்கு 2015-லேயே கிடைத்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்த பிறகுதான், 'இவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்ல' என்றானது. அந்த இரண்டாவது படியில் இலங்கையின் பெயரே இல்லை. அதைச் சேர்க்க வேண்டியது நாடாளுமன்றம்.

மலையகத் தமிழர்களின் கணக்கு வேறு. இவர்களின் முன்னோர் இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், 2019-ல் மதுரைக் கிளை இவர்களின் குடியுரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தாத்தா, பாட்டியின் பழைய காகிதம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருந்தால், எலி கடிக்கும் முன் எடுத்து நகல் போட்டு வையுங்கள்.

இன்னொரு வழி, இலங்கைக் குடியுரிமையை உறுதி செய்துகொள்வது. இங்கே பிறந்த பிள்ளைகளைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யலாம். தாமதமானாலும் வழி உண்டு. திரும்பும் எண்ணம் இல்லாதவர்களும் இதைச் செய்வது நல்லது. எந்த நாட்டுக் காகிதமும் இல்லாத பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பும் வேலையும் எட்டாக்கனி. ஊர் திரும்புவோர், அந்தப் பக்கத்து நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். 2025 மே மாதம் திரும்பிப் போன முதியவர் ஒருவரை, முறையான ஆவணமின்றி நாட்டைவிட்டுப் போனதாகச் சொல்லி பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள்.

புரோக்கர்கள் காட்டும் குறுக்கு வழி மட்டும் வேண்டவே வேண்டாம். ஆதார் அட்டை குடியுரிமைச் சான்று அல்ல. அதைக் காட்டி, 'நான் இந்தியன்' என்று பொய்யாக எழுதி பாஸ்போர்ட் வாங்கினால் அது குற்ற வழக்கு. பிறகு நேர்மையாக விண்ணப்பிக்கும்போதும் அது குறுக்கே நிற்கும்.

முகாம் பதிவு அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைய விடுவார்கள். பிறப்பு பதிவாகவே இல்லையென்றால், முகாம் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்பவர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கு வக்கீல் இலவசம்.