பன்றிக்கு ஆள் வருது, மனுஷனுக்கு ஏன் வரல?

இன்னைக்கு எபிசோட் எங்க ஊர்ல இருந்து ஆரம்பிக்குது. இலஞ்சி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல இருக்கிற சின்ன ஊர். இங்க என் மாமா ஒரு மெஸ் வச்சிருக்கார். சீசன் நேரத்துல நான் ஊருக்கு வந்தா லேப்டாப்போட அவர் கல்லாவுக்குப் பக்கத்துலதான் உட்காருவேன்.

ஒரு ஆடி மாசத்துச் சனிக்கிழமை. காலையில நல்ல சாரல், கூட்டம் அள்ளும்னு மாமா வழக்கத்தைவிட அதிகமா உலை வச்சார். மதியம் மலையில கனமழை. மெயின் அருவியில வெள்ளம், குளிக்கத் தடை. ரெண்டு மணி நேரத்துல கார், வேன் எல்லாம் ஊரைப் பார்க்கத் திரும்பிருச்சு. ராத்திரி பத்து மணிக்கு ஒரு அண்டா சோறும் அரை அண்டா சாம்பாரும் அப்படியே நிக்குது. அப்போ டிவிஎஸ் எக்ஸெல்ல பின்னாடி டிரம் கட்டிக்கிட்டு ஒருத்தர் வந்தார். பன்றிப் பண்ணை வச்சிருக்கிறவர். எல்லாத்தையும் டிரம்ல கொட்டிக்கிட்டுப் போயிட்டார்.

எனக்கு மனசு கேக்கல. "ஏன் மாமா, பசிச்ச யாருக்காச்சும் குடுக்கலாம்ல?"

மாமா சொன்னார்: "குடுக்கலாம் மருமவனே. யாருக்குக் குடுக்க? எப்பக் குடுக்க? யாரு கொண்டு போவா? இந்த மூணுக்கும் பதில் சொல்லு, நாளையில இருந்து குடுத்துருதேன்."

என்கிட்ட பதில் இல்ல. அந்த மூணு கேள்விதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல, சாப்பாடு ஏன் மிஞ்சுது?

கணக்குத் தெரியாம அதிகமா சமைக்கிறாங்கன்னு நாம நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. கணக்குத் தெரிஞ்சதாலதான் மிஞ்சுது.

ஒரு சாப்பாடு 90 ரூபாய், அதுக்கான அரிசி, பருப்பு, காய்கறிச் செலவு 35 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு சாப்பாடு குறைஞ்சா 55 ரூபாய் லாபம் போச்சு. ஒரு சாப்பாடு மிஞ்சினா 35 ரூபாய் நஷ்டம். அப்போ குறையுறதைவிட மிஞ்சுறதே மேல். இதை நியூஸ்வெண்டர் கணக்குன்னு சொல்லுவாங்க. நாளைக்கு எத்தனை பேப்பர் விக்கும்னு தெரியாம இன்னைக்கே வாங்கி வைக்கிற கடைக்காரரோட கணக்கு. 55-ஐ 90-ஆல வகுத்தா சுமார் 0.61. அதாவது, சரியா திட்டம் போடுற ஒரு மெஸ்ஸில் பத்து நாளில் ஆறு நாள் சாப்பாடு மிஞ்சத்தான் செய்யும். "சாப்பாடு முடிஞ்சுருச்சு சார்" என்று ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினால் அவர்கள் அடுத்த சீசனுக்கு வேறு கடைக்குப் போவார்கள். அந்த நஷ்டத்தையும் சேர்த்தால் ஆறு ஏழாகும், எட்டாகும்.

ஆனா எந்த ஆறு நாள்னு மாமாவுக்கே தெரியாது. அது அருவியில தண்ணி எப்படி விழுதுங்கிறதைப் பொறுத்தது. எவ்வளவு மிஞ்சும் என்பது ராத்திரி ஒன்பதரைக்குத்தான் தெரியும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

"எப்பக் குடுக்க?"

இதுக்கு நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லணும். சில வருஷம் முன்னாடி தென்காசியில ஒரு கல்யாணம். மதியப் பந்தி முடிஞ்சு எலுமிச்சை சாதமும் காய்கறி பிரியாணியும் நிறைய மிஞ்சுச்சு. நானும் ஒரு நண்பனும் ஹீரோ மாதிரி கிளம்பினோம். பொட்டலம் கட்ட ஆள் தேடி, கவர் வாங்கி, கட்டி முடிக்கவே சாயங்காலம் ஆறு மணி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்க் கொடுக்கும்போது எட்டு. ஒரு பாட்டி பொட்டலத்தைப் பிரிச்சு, முகர்ந்து பார்த்துட்டு, மெதுவா மூடிட்டாங்க. "தம்பி, கெட்டுப் போச்சுப்பா. நாய்க்கும் போடாத, அதுவும் பாவம்."

அதுக்கு முன்னாடியே இருபது பொட்டலம் கொடுத்து முடிச்சிருந்தோம். ஓடிப்போய் எவ்வளவு வாங்க முடியுமோ வாங்கினோம். எல்லாத்தையும் வாங்க முடியல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

அறிவியல் எளிமையானது. சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. அதன் விதைத்துகள் கொதிக்கும் உலையிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சை உருவாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. "நல்லா சுட வச்சுக் குடுத்துருவோம்" என்பது இங்கே வேலைக்கு ஆகாது. சூடான சோற்றைக் கவரில் இறுக்கிக் கட்டுவது கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பது மாதிரி.

கடைக்காரருக்கு இன்னொரு பயம், சட்டம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் லாபத்துக்காகவோ, லாபம் இல்லாமலோ உணவு கொடுக்கும் எல்லா அமைப்பும் உணவுத் தொழில்தான். இலவசமாகக் கொடுத்தேன் என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது. பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறந்தால் குறைந்தது ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 5 லட்சம் இழப்பீடு. நல்லது செய்யப் போய் ஜெயிலா என்று ஒரு சின்ன முதலாளி நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. மிஞ்சிய உணவை எப்படிப் பகிர வேண்டும் என்பதற்கு 2019இல் தனி விதிமுறைகள் வந்தன. ஆனா அதுலயும் லேபிள், பதிவேடுன்னு வேலை இருக்கு. ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிட்டு வீட்டுக்குப் போகத் துடிக்கிற ஆள்கிட்ட லேபிள் ஒட்டச் சொல்லிப் பாருங்க.

சட்டம் மட்டும்தான் பிரச்சினையா? இல்ல. அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவர்களைப் பாதுகாக்க 1996லேயே சட்டம் வந்தது. பெரிய அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தீங்கோ இல்லை என்றால் வழக்கு நிற்காது. அப்படியும் அங்கே கடைகள் கொட்டுவது நிற்கவில்லை. பிரான்ஸில் 2016இல் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டே ஆகவேண்டும் என்று சட்டமே வந்தது. அதாவது, பயத்தை எடுத்தா மட்டும் போதாது, கொடுக்க ஒரு வழியும் இருக்கணும்.

நம்ம ஊர் மளிகைக் கடையில கதை கொஞ்சம் வேற. பல கம்பெனிகள் காலாவதியான சரக்கைத் திரும்ப எடுத்துக்கிட்டு கடைக்காரருக்குப் பணம் கழிச்சுத் தருது. அப்போ தேதி முடியுறதுக்கு முன்னாடி தானம் கொடுக்க அவருக்கு என்ன காரணம் இருக்கு? ஜிஎஸ்டியிலும் அப்படித்தான். சரக்கை அழித்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. கொடுத்தவருக்குத் தனியா ஒரு லாபமும் இல்ல.

"யாரு கொண்டு போவா?"

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. டிரம் கட்டிட்டு வர்றவரை யோசிச்சுப் பாருங்க. தினமும் அதே நேரத்துக்கு வர்றார். மிஞ்சினது ஒரு கரண்டியோ ஒரு அண்டாவோ, கேள்வி கேட்காம எடுத்துக்கிறார். வண்டி அவருது, டிரம் அவருது. மாமாவுக்கு ஒரு பைசா செலவு இல்ல, ஒரு நிமிஷ வேலை இல்ல.

மனுஷனுக்குக் கொடுக்கணும்னா? சுத்தமான பாத்திரம், பொட்டலம் கட்ட ஆள், வண்டி, பெட்ரோல், போய்ச் சேர ஒரு இடம், அங்க வாங்கிக்க ஒரு ஆள். கொட்டுறதுக்கு விலை பூஜ்யம். கொடுக்கிறதுக்கு விலை இருக்கு. அந்த விலையை யாரும் கட்டல, அதான் சாப்பாடு டிரம்முக்குப் போகுது. இதுல கல்நெஞ்சுக்காரன்னு யாரும் இல்ல.

கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் அமைப்பு செய்தது இந்த வேலையைத்தான். மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தால் ஆள் போய், உணவை எடுத்து, தேவைப்படும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா டிரம்காரர் செய்யுற அதே சேவையை மனுஷனுக்குச் செய்யுறதுதான் அது.

"யாருக்குக் குடுக்க?"

மிச்சம் எப்போ வரும்னு தெரியாது. பசி எப்போ வரும்னு தெரியும், ஒரு நாளைக்கு மூணு தடவை. அருவியில வெள்ளம் வந்தாத்தான் சோறுன்னு ஒருத்தரை உட்கார வைக்க முடியாது. அதனாலதான் தமிழ்நாட்டில் பசிக்கு எதிராக நிலைத்து நின்றவை எதுவும் மிச்சத்தை நம்பவில்லை. 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலை, 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, 2013இல் வந்த அம்மா உணவகம், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம். எல்லாமே சாப்பிடப் போகிறவர்களுக்காகவே உலை வைத்தவை. மிஞ்சின சாப்பாட்டைக் காப்பாத்துறதும் பசியைத் தீர்க்கிறதும் ரெண்டு வேற வேலை. ரெண்டும் வேணும். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

அப்புறம் நாங்க என்ன செஞ்சோம்? ஆப் எதுவும் பண்ணல, பயப்படாதீங்க. மெஸ்ஸில் இருந்து பைக்கில் கொஞ்ச தூரத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. அங்க பேசினோம். ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்கு. மாமா ஏழே முக்காலுக்கே கூட்டத்தைப் பார்த்து, உறுதியா மிஞ்சும்னு தெரியுற பங்கை அடுப்புல சூடா இருக்கும்போதே தனித் தூக்குல எடுத்து வச்சிடுவார். ஒரு தம்பி எட்டு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போவான். அவன் பெட்ரோலுக்கு நான் மாசம் பணம் அனுப்புறேன். தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம் போகாது. இல்லத்துல அவங்க சமையலை நிறுத்தல, இது கூடுதல்தான்.

முதல் வாரத்துல நாலு நாள் தூக்கு காலி. ஆனாலும் தம்பி வந்தான், பார்த்தான், போனான். அஞ்சாவது நாள் மாமா அவனைக் கேக்காமலே எடுத்து வச்சிருந்தார். டிரம்காரர் இப்பவும் வர்றார். எட்டரைக்கு மேல மிஞ்சுறது அவருக்குத்தான், அது சரியும்கூட.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் இருந்து. ஹோட்டல் மாதிரியான இடங்கள் 28 சதவீதம், கடைகள் 12 சதவீதம். ஹோட்டல்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி நம்ம ஃப்ரிட்ஜையும் ஒரு தடவை திறந்து பார்த்துருவோம்.

உங்க தெருவுல ஒரு மெஸ் இருந்தா, "ஏன் கொட்டுறீங்க"ன்னு கேக்காதீங்க. "எத்தனை மணிக்கு வரட்டும்?"னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.